பூபதி மேட்டில் நடந்த பேரம்

மணலுக்குள்ளிருந்து ஒரு கை வந்து தன் கையைப் பிடித்தபோது ராக்கியப்பனுக்கு வந்தது கோபம்தான். பிடித்த பிடியிலேயே ஐந்து விரலையும் சேர்த்து அமுக்கி, எடுத்த எடுப்பில் உச்ச விலை சொன்ன அந்தத் திமிரை அவரால் பொறுக்க முடியவில்லை.

"அடச்சீ, யாருகிட்ட வந்து வெலை சொல்றே?" என்று மணல்மேட்டைப் பார்த்து ஒரு அதட்டல் போட்டார். பத்தடி தள்ளிப் பாயில் உட்கார்ந்து பிரியாணி தின்றுகொண்டிருந்த நாலு குடும்பமும், பெரியவர் வழக்கம்போல யாரோடோ சண்டைக்கு நிற்கிறார் என்று நினைத்து எலும்பைக் கடிப்பதை நிறுத்தவில்லை.

காங்கயத்துப் பக்கத்துச் சந்தைகளில் நாற்பத்தெட்டு வருஷம் மாட்டுத் தரகு செய்த மனுசன் அவர். ஏழு வயதில் சந்தையில் சாணி அள்ளப் போய், அடிபட்டு, மிதிபட்டு, ஒருத்தன் ஏமாற்றியதை இன்னொருத்தனிடம் பாடமாகப் படித்து மேலே வந்தவர். அந்தத் தொழிலில் விலையை வாய் பேசாது, கைதான் பேசும். விற்கிறவனும் வாங்குகிறவனும் கையைக் கோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள்; உள்ளே விரலைப் பிடித்தால் எண்ணிக்கை, உதறினால் மறுப்பு, உள்ளங்கையோடு உள்ளங்கை அழுத்தினால் முடிந்தது பேரம், அதற்கப்புறம் பிரம்மன் வந்தாலும் மாற்ற முடியாது. சுற்றி நிற்கிற நூறு பேரில் ஒருத்தனுக்கும் உள்ளே நடந்தது தெரியாது. பள்ளிக்கூடத்து வாசப்படி மிதிக்காத ராக்கியப்பன் தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டதே நாற்பது வயதில்தான். ஆனால் துண்டுக்குள் அவர் கையைத் தொட்டவன், தான் நினைத்த விலைக்கு மாட்டை விற்றதாகச் சரித்திரம் கிடையாது.

அப்பேர்ப்பட்டவர் பாலைவனத்துக்கு வந்தது மகனால். ஒரே மகன் பூபதி, ஒரு அரபு நாட்டுப் பாலை நகரத்திலிருந்து தொலைவில் இருந்த கூடாரங்களுக்குத் தண்ணீர் லாரி ஓட்டியவன். போன வருஷத்துக்கு முந்தின தையில், ஒரு மத்தியானம், ஒரு மணல்மேட்டு அடிவாரத்தில் அவன் லாரி நின்றிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, கதவு திறந்திருந்தது, செருப்பு இரண்டும் கோயில் வாசலில் விட்டதுபோல ஜோடியாகக் கிடந்தன. காலடித் தடம் மேட்டின் பாதிவரை ஏறிப் போய், அங்கே ஒரு தடத்துக்கு அடுத்த தடம் இல்லாமல் நின்றுவிட்டது. ஹெலிகாப்டர் வந்தது, நாய்கள் வந்தன, ஒட்டகக்காரர்கள் வந்தார்கள், ஆள் கிடைக்கவில்லை. மருமகள் கோகிலவாணி ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனை வேலைக்குப் போகிறவள். ஏழு வயசுப் பேத்தி நேத்ராவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று ராக்கியப்பன் வேட்டியும் துண்டுமாக விமானம் ஏறி வந்து இறங்கினார்.

வந்தவர் மூன்றாம் மாடி வீட்டில் வெங்காயம் உரித்தார், பேத்திக்குச் சடை போடக் கற்றுக்கொண்டார், லிஃப்ட் மெதுவாகப் போகிறது என்று லிஃப்டையே திட்டினார், கீழே அதிராம்பட்டினத்து ஷேக் தாவூது நடத்திய மளிகைக் கடையில் கால் கிலோ வெண்டைக்காய்க்கு அரை மணி நேரம் மல்லுக்கு நின்றார். ஷேக் தாவூது முப்பது வருஷமாக அந்த ஊரில் இருப்பவர். அவர்தான் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் தன் வேனில் நாலைந்து தமிழ்க் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு பாலைவனத்துக்குக் கூட்டிப் போகிறவர். எங்கே போகலாம் என்ற பேச்சு வந்தபோதெல்லாம் யாரும் சொல்லாமலேயே வண்டி அந்த மேட்டுக்குத்தான் போனது, பெரியவர் மகன் போன இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கட்டுமே என்று. முதல் வாரம் எல்லோரும் மௌனமாக உட்கார்ந்திருந்தார்கள், இரண்டாம் வாரம் ஒருத்தி பிளாஸ்க்கில் டீ கொண்டு வந்தாள், மூன்றாம் வாரம் பிரியாணி வந்தது, அப்புறம் பிள்ளைகள் அட்டையில் உட்கார்ந்து சறுக்க ஆரம்பித்தார்கள். இப்படியாகத் துக்கம் விசாரிக்கப் போன இடம் ஒரு வருஷத்தில் உல்லாசப் பயணம் போகிற இடமாகி, அதற்குப் பூபதி மேடு என்று பேரும் விழுந்துவிட்டது.

கை வந்த அந்த வெள்ளிக்கிழமை காலையில் கோகிலவாணி மாமனார் முன்னால் ஒரு காகிதத்தை வைத்திருந்தாள். நேத்ராவின் பாஸ்போர்ட் ஆனியோடு முடிகிறது. புதுப்பிக்க அப்பன் கையெழுத்து வேண்டும், அப்பன் இல்லையென்றால் இல்லை என்பதற்குச் சான்று வேண்டும், அந்தச் சான்றுக்குப் பெற்றவரும் கட்டினவளும் வாக்குமூலம் கொடுக்க வேண்டும்.

"கையெழுத்துப் போட்டாத்தானுங்க மாமா புள்ளைய ஊருக்குக் கூட்டிட்டுப் போக முடியும்."

"பொணத்தைப் பாக்காம பொணம்னு எப்படிக் கண்ணு சொல்லுவேன்?" என்று காகிதத்தை அவர் தள்ளிய வேகத்தில் டம்ளர் உருண்டது. அந்தக் கோபம் ஆறாமல்தான் மேட்டில் ஏறி, "என்ற பையனை உள்ள வெச்சுக்கிட்டு ஊமையாட்டம் கெடக்கறயே, இது நாயமா? என்ன வேணும்னு சொல்லித் தொலை!" என்று கத்தி, தோளில் கிடந்த துண்டை மணலில் வீசி, நாற்பத்தெட்டு வருஷப் பழக்கத்தில் கையை அதற்குள் விட்டார்.

கை காய்ந்து, அகலமாக, கிழட்டு விவசாயியின் கை மாதிரி இருந்தது. ஐந்து விரலைப் பிடித்தது. "என்ன கணக்கு?" என்று கேட்டார். என்னிடம் வேறு என்ன இருக்கிறது என்று யோசித்து, "ஆயுசா? வருசமா?" என்றார். கை ஒருமுறை இறுக்கியது. ராக்கியப்பன் ஒரே ஒரு விரலைக் கொடுத்தார். கை உதறியது.

கீழே இறங்கி வந்து, கொஞ்சம் தயிர் வெங்காயம் வாங்கித் தட்டில் போட்டுக்கொண்டு, "அஞ்சு வருசம் கேக்குது. ரொம்ப அதிகம்" என்று விஷயத்தைச் சொன்னார்.

ஷேக் தாவூது போய்த் துண்டைத் தூக்கிப் பார்த்தார். மணலில் ஒரு பெரிய கை பதிந்த குழி இருந்தது. திரும்பி வந்து, "ஆமா, ஆள் பேரத்துக்கு உக்காந்திருக்கு" என்று சொல்லிவிட்டு எல்லோருக்கும் டீ ஊற்றினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மூன்று வேன் வந்தது. ராக்கியப்பன் துண்டுக்குள் கையை விட்டதும் முதல் காரியமாகச் சரக்கைக் காட்டச் சொன்னார். "பல்லைப் புடிச்சுப் பாக்காம எவனாச்சும் மாட்டுக்கு வெலை பேசுவானா? காட்டு!" காய்ந்த கை விலகியது, கொஞ்ச நேரம் வெறும் மணல், பிறகு இன்னொரு கை வந்தது. சூடாக, வேர்த்து, ஸ்டீயரிங் பிடித்துக் காய்த்துப்போன கை. சுண்டுவிரல் கோணலாக இருந்தது, பன்னிரண்டு வயதில் மூக்கணாங்கயிற்றில் சிக்கி ஒடிந்து, கோணலாகவே கூடிய விரல். அவர் அதைத் தடவினார். அந்தக் கை, சின்ன வயதில் சந்தைக் கூட்டத்தில் தொலைந்துபோய்விடக் கூடாது என்று பிடித்த மாதிரி, அவருடைய கட்டைவிரலை மட்டும் முழுதாகச் சுற்றிப் பிடித்துக்கொண்டது. பிறகு யாரோ இழுத்ததுபோலப் போய்விட்டது.

மேட்டிலிருந்து இறங்கியவர் மருமகளிடம் போய், "இருக்கறான் அம்மிணி. சரக்கு நல்லாத்தான் இருக்குது. மோதிரம்கூடக் கையில இருக்குது" என்றார். கோகிலவாணி எழுந்திருக்கவில்லை. நேத்ராவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை அந்தத் துண்டையே பார்த்தபடி இருந்தாள்.

மூன்றாவது வாரத்துக்குள் சேதி ஊரெல்லாம் பரவிவிட்டது. பஞ்சாபி லாரிக்காரர்கள் வந்தார்கள், மலையாளத்து நர்சுகள் வந்தார்கள், அந்த நாட்டுக்காரர்களே மனைவி மக்களோடும் திண்டு தலையணையோடும் வந்து கம்பளம் விரித்து உட்கார்ந்தார்கள். இது ஹராம் என்றார் ஒருவர்; பேரம் பேசுவதில் என்ன ஹராம் என்றார் இன்னொருவர்; இரண்டு பேரும் சேர்ந்தே வந்து பார்த்தார்கள். ஷேக் தாவூது கடை வாசலில் விற்பனைக்குத் துண்டு தொங்க ஆரம்பித்தது. வீடுகளில்தான் நிலவரம் மோசம். எனக்காக எத்தனை வருஷம் கொடுப்பீர்கள் என்று மனைவிமார்கள் சோறு போடும்போது கேட்டார்கள்; "ஆறு மாசம்" என்று உண்மையைச் சொன்ன ஒரு எலக்ட்ரீஷியன் ஒரு வாரம் ஹாலில் படுத்தான்; "என் ஆயுசு பூராவும்" என்று பொய் சொன்னவன் அடுத்த நிமிஷமே மளிகைச் சாமான் வாங்க அனுப்பப்பட்டான்.

பேரம் நாலுக்கு இறங்கியது. ராக்கியப்பன் இரண்டுக்கு ஏறினார்.

"பெரியவரே, புள்ள விஷயம். நாலு வருஷத்தைத் தூக்கிக் குடுத்துட்டுப் பையனை வாங்கிட்டு வாங்க" என்றார் ஷேக் தாவூது.

"உனக்கென்ன தெரியும் பாய்? கேட்ட வெலைய அப்படியே குடுத்தா அவனுக்குச் சந்தேகம் வந்துரும், அடடா கொறைச்சுச் சொல்லிப்போட்டமேன்னு கயித்தை இழுத்துக்குவான். பேசி வாங்குன மாடுதான் வீட்டுல தங்கும். பேசாம வாங்குனது மூணாம் நாள் காலைத் தூக்கீரும்."

அது வெறும் தொழில் பேச்சும் அல்ல. அவருக்கு அறுபத்தெட்டு. அவருடைய அப்பன் எழுபத்து மூன்றில் போனார், அப்பனுக்கு அப்பனும் எழுபத்து மூன்றில்தான் போனார். அப்படிப் பார்த்தால் இவர் கையிருப்பு ஐந்து வருஷம். ஐந்தையும் கொடுத்தால் மகன் மணலிலிருந்து எழுந்து வந்து முதல் வேலையாக அப்பனுக்குக் கொள்ளி வைக்க வேண்டும். "ரெண்டு குடுத்தா மூணு மிஞ்சும். அவன் கூட உக்காந்து மூணு பொங்கல் நோம்பியாச்சும் சாப்புட வேண்டாமா?" என்று பேத்தியின் சடையைப் பின்னிக்கொண்டே சொன்னார். அவள், "அப்பாரு, இழுக்காதீங்க, வலிக்குது" என்றாள்.

நாலாவது வெள்ளிக்கிழமை, கோகிலவாணி புடவையைச் செருகிக்கொண்டு மேட்டில் ஏறி வந்தாள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

"மாமா, நானும் கையை வெச்சுப் பாக்கறேனுங்க."

"அதெல்லாம் ஆவாது."

"என்ற ஆயுசுல இருந்து எடுத்துக்கட்டுமுங்க. எனக்கு முப்பத்தி நாலுதான் ஆவுது. நெறைய இருக்குது."

"துண்டுக்குள்ள மூணாவது கை நொழையக் கூடாது அம்மிணி. நொழைஞ்சா பேரம் தீட்டாயிப் போயிரும். எந்தச் சந்தையிலயும் அப்படி ஒரு வழக்கம் கெடையாது."

"பேரம் பேச வரலீங்க மாமா. ஒருக்கா அவரு கையைத் தொட்டுப்போட்டு எடுத்துக்கறேன். ஒரே ஒருக்கா."

"சொல்லிப்போட்டேன்ல? எறங்கிப் போ!" என்று அவர் போட்ட சத்தத்தில் சறுக்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் நின்றுவிட்டன. அவள் இறங்கிப் போனாள். மணல் அவள் காலைக் கணுக்கால் வரை உள்வாங்கி, ஒவ்வொரு அடியையும் யோசித்து யோசித்து விட்டது. அன்றைக்குப் பேரம் மூன்றுக்கு வந்தது.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை, ஏப்ரல் பதினொன்று. இனி வெயில் ஏறிவிடும், அடுத்த வாரத்திலிருந்து பிள்ளைகளைக் கூட்டி வர முடியாது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இன்றைக்குப் படிந்துவிடும் என்று கோகிலவாணி பூபதியின் சட்டை ஒன்றைத் தேய்த்துக் கொண்டு வந்திருந்தாள், மணலிலிருந்து வருகிறவன் என்ன கோலத்தில் வருவானோ என்று. ஷேக் தாவூது ஒரு கேன் தண்ணீரைத் தனியாக எடுத்து வைத்திருந்தார், வந்ததும் குடிக்கக் கேட்பான் என்று.

துண்டுக்குள் கை மூன்று விரலைப் பிடித்தது. ராக்கியப்பன் இரண்டைக் கொடுத்தார். மூன்று. இரண்டு. மூன்று. இரண்டு. அரை மணி நேரம் இப்படியே போனது. வேர்வை அவர் மூக்கிலிருந்து துண்டில் சொட்டியது. கீழேயிருந்து, "மூணுக்கு ஒத்துக்கங்க மாமா!" என்று கோகிலவாணியின் குரல் வந்தது. மகனுடைய விலையை ஒரு பொம்பளை சந்தை நடுவில் கூவிச் சொல்லிவிட்டாளே, விற்கிறவன் காதில் விழுந்துவிட்டதே, இனி இவன் எங்கே இறங்கப் போகிறான் என்று அவருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. நாற்பத்தெட்டு வருஷம் இப்படிச் சிக்கிய பேரத்தையெல்லாம் அவர் எப்படி முடித்தாரோ அப்படியே முடிக்கப் பார்த்தார்: கையை வெடுக்கென்று உருவினார், துண்டை உதறித் தோளில் போட்டார், "போடா, நீயும் உன்ற சரக்கும்!" என்று சொல்லி எழுந்து நடந்தார்.

அது கோபம் பாதி, வித்தை பாதி. எட்டாவது அடியில் விற்கிறவன் இருமுவான், பத்தாவது அடியில் "அண்ணே" என்பான், பதினைந்தாவது அடியில் ஓடிவந்து தோளில் கை வைத்து, "ஏனுங்க இப்படிக் கோவிச்சுக்கறீங்க, உங்க வெலைக்கே புடிங்க" என்பான். திரும்பிப் பார்க்கக் கூடாது, திரும்பினால் தோற்றாய். ராக்கியப்பன் எட்டடி நடந்தார். பத்தடி நடந்தார். பதினைந்தாவது அடியில் தோளைக் கொஞ்சம் தளர்த்தி வைத்துக்கொண்டார், கை விழுமென்று. நாற்பதாவது அடியில், கீழே நின்றிருந்த ஷேக் தாவூதின் வேன் அவர் நெஞ்சில் இடித்தது.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. விற்க வேண்டிய கட்டாயம் இருக்கிறவன்தான் கூப்பிடுவான். மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறவன், வட்டிக்குப் பயந்தவன், வீட்டில் தீவனம் இல்லாதவன் கூப்பிடுவான். இந்தப் பாலைவனத்துக்கு என்ன கட்டாயம்?

திரும்பி ஓடினார். அறுபத்தெட்டு வயதில் மணலில் விழுந்து எழுந்து ஓடி, துண்டை விரித்துக் கையை விட்டார். "மூணு! சரி, மூணு!" என்றார். மணல்தான் இருந்தது. "நாலு வெச்சுக்க!" என்றார். முழங்கை வரை விட்டார். "அஞ்சு! நீ மொதல்ல கேட்டதுதானே, அஞ்சே எடுத்துக்க!" தோள் வரை விட்டார். "இருக்கற அத்தனையும் எடுத்துக்க சாமி, எண்ணாத, அப்படியே எடுத்துக்க!" துண்டு நனைந்தது. பேரம் பேசத் தெரியாதவன் பேசுகிற மாதிரி, தன் விலையைத் தானே ஏற்றிக்கொண்டே போனார். எதிரில் ஆள் இல்லை.

பொழுது சாய்வதற்குள் கம்பளங்களைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் போனார்கள். கோகிலவாணி தேய்த்த சட்டையை, மடிப்புக் கலையாமல், வேனில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு அவர் தனியாக எத்தனையோ தடவை போனார். ஒவ்வொரு தடவையும் ஷேக் தாவூதுதான் வண்டி எடுத்தார். ஊர்க்காரர்கள் வெள்ளிக்கிழமைகளைக் கடற்கரைக்கு மாற்றிக்கொண்டார்கள். கடை வாசலில் தொங்கிய துண்டுகள் உள்ளே போயின. யாரும் யாரிடமும் எத்தனை வருஷம் என்று கேட்பதில்லை. கேட்டுவிடுவார்களோ என்று கணவன்மார்கள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டார்கள். கோகிலவாணி மாமனாருக்கு எப்போதும்போல வெந்நீர் வைத்தாள், ரசம் ஊற்றினாள், மாத்திரையை எண்ணி எடுத்துக் கொடுத்தாள். அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எட்டு வார்த்தை திருப்பிப் பேசி அவர் ஆறியிருப்பார். அவளோ, சட்னிக்கு உப்புப் போதுமா என்று கேட்டாள்.

வைகாசி முடிகிற சமயம் அவரே கேட்டார். "அந்தக் காயிதத்தைக் கொண்டா அம்மிணி."

அலுவலகத்தில் பெரிய மேஜைக்குப் பின்னால் தாடி வைத்த, நடுத்தர வயது அதிகாரி ஒருவர் இருந்தார். ராக்கியப்பன் ஒருபுறம், கோகிலவாணி ஒருபுறம் உட்கார்ந்தார்கள். நேத்ரா அம்மா பக்கத்தில் நாற்காலி போதாமல் ஒட்டி உட்கார்ந்தாள். அரபியைத் தமிழாக்கித் தர ஷேக் தாவூது நடுவில் நின்றார். அதிகாரி ஒவ்வொரு கட்டமாகக் கேட்டுக்கொண்டு வந்தார். பெயர். தகப்பன் பெயர். பிறந்த ஊர். தொழில்.

"இறந்த தேதி கேக்கறாரு" என்றார் ஷேக் தாவூது. "கோப்புல லாரி நின்ன தேதி இருக்கு, அதையே போட்டுரலாமான்னு கேக்கறாரு."

"இல்லை" என்றார் ராக்கியப்பன். "ஏப்ரல் பதினொண்ணு. வெள்ளிக்கிழமை. மத்தியானம் மூணரை மணி."

ஷேக் தாவூது தயங்கி, பிறகு அதை அரபியில் சொன்னார். அதிகாரி எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டுப் பெரியவரைப் பார்த்தார். பிறகு ஷேக் தாவூதிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார்.

"அன்னைக்கு அவரும் குடும்பத்தோட அங்கதான் இருந்தாராம். ஆனா சம்சாரமும் ஒத்துக்கிட்டாத்தான் தேதியை மாத்த முடியுமாம்."

எல்லோரும் கோகிலவாணியைப் பார்த்தார்கள். அவள் மேஜைமேல் இருந்த காகிதத்தைப் பார்த்தாள். மாமா சொல்வது வயசான காலத்து மனவேதனை, லாரி நின்ற தேதியையே போடுங்கள் என்று சொல்ல அவளுக்கு வழி இருந்தது. அப்படிச் சொன்னால் பழியில் பாதியாவது அவர் தலையிலிருந்து இறங்கும்; ராக்கியப்பன் அதற்காகக் காத்திருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, தான் சொன்ன விலையை எதிராளி குறைக்க மாட்டாளா என்று காத்திருந்தார்.

"மாமா சொல்றது சரிதானுங்க" என்றாள். "அன்னைக்குத்தான்."

அதிகாரி எழுதினார். அடுத்த கட்டத்தின்மேல் விரலை வைத்தார். ஷேக் தாவூது, "காரணம்?" என்றார்.

ராக்கியப்பன் மருமகளைப் பார்த்தார்.

"பேரம் படியலீங்க" என்றாள் கோகிலவாணி. அவள் குரலில் கோபம் இல்லை. கடையில் இல்லாத சாமானை இல்லை என்று சொல்கிற குரல்.

ஷேக் தாவூது அதை அரபியில் சொன்னார். அதிகாரி தலையை ஆட்டி, வலமிருந்து இடமாக, நிதானமாக, நல்ல கையெழுத்தில் அதை எழுதி, மை காய ஊதி, காகிதத்தை ராக்கியப்பன் பக்கம் திருப்பி வைத்தார். அவர் எழுதுகோலை வாங்கி, காட்டிய இடத்தில் தன் பெயரை எழுதினார்.